பவளத் துண்டுக்கு ஓர் இடம்

காலையில் தொட்டியின் விளக்கு எரிந்தபோது, பாறையின் உச்சியில் இருக்கவேண்டிய பவளத் துண்டு அங்கே இல்லை. கட்டைவிரல் நகம் அளவே இருந்த அந்தப் பச்சைத் துண்டு, கீழே மணலில் தலைகுப்புறக் கிடந்தது. இரவு முழுவதும் பாறையில் ஊர்ந்து பாசியைத் தின்ற நத்தை, போகிற போக்கில் அதைத் தள்ளிவிட்டிருந்தது. நத்தைக்கு அது வெறும் கல். எடுத்துத் திருப்பிப் பார்த்தால், மணலில் அழுந்திய பக்கத்தில் பச்சை நிறத் தசை உரிந்து, உள்ளிருந்த வெள்ளை எலும்பு தெரிந்தது.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி அமைத்துப் பவளம் வளர்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. நீரின் உப்பு, வெப்பம், விளக்கின் ஒளி ஆகியவற்றை நாள்தோறும் அளந்து கவனிப்பவர்கூட, துண்டைப் பாறையின் மேல் சும்மா வைத்துவிட்டால் இப்படி இழக்க நேரிடும். பவளத்திற்கு நல்ல நீர் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை அசையாத ஓர் இடம்.

ஏன் அப்படி? பவளம் பார்ப்பதற்குச் செடிபோல் கிளைத்திருக்கும். தொட்டால் கல்போல் இருக்கும். உண்மையில் அது விலங்கு. பாலிப் எனப்படும் மிகச் சிறிய உயிர்கள் பல ஒன்றாகச் சேர்ந்து வாழும் கூட்டமே பவளம். ஒவ்வொரு பாலிப்புக்கும் ஒரு வாயும் அதைச் சுற்றி உணர்கொம்புகளும் உண்டு. அவை கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தமக்குக் கீழே கல் போன்ற எலும்பைக் கட்டுகின்றன. உயிருள்ள தசை அந்த எலும்பின் மேல் மெல்லிய போர்வையாகத்தான் படர்ந்திருக்கிறது. துண்டு ஆடும்போதெல்லாம் அந்தப் போர்வை பாறையில் உரசிக் கிழிகிறது. கிழிந்த இடத்தில் பாசி வந்து குடியேறுகிறது. பாசி பிடித்த எலும்பின் மேல் தசை மீண்டும் படர்வது கடினம்.

இன்னொரு காரணமும் உண்டு. பவளத்தின் தசைக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைப் பவளத்திற்குக் கொடுக்கின்றன. குப்புற விழுந்த துண்டுக்கு ஒளி இல்லை. ஆகவே உணவும் குறைகிறது. மீனாக இருந்தால் நீந்தி வேறிடம் போகும். பவளத்தால் திரும்பிப் படுக்கக்கூட முடியாது.

கடலில் பவளம் தன் வாழ்க்கையைத் தொடங்குவதே ஒட்டிக்கொள்வதில்தான். முட்டையிலிருந்து வரும் இளம் உயிர் சில நாள்கள் நீரில் மிதந்து திரிகிறது. பிறகு உறுதியான ஓரிடத்தைத் தேடி அமர்ந்து, அங்கேயே எலும்பு கட்டத் தொடங்குகிறது. அது அமர்ந்த கல் உருண்டால் அதன் கதை முடிந்தது. மீன்பிடிக்க வெடி வைத்ததால் பவளப்பாறைகள் நொறுங்கிய இடங்களில் இதைக் காணலாம். சாபாவின் கடல்களில் அப்படிப்பட்ட இடங்கள் உள்ளன. அங்கே நீர் தெளிவாக இருந்தாலும், தரையெங்கும் பரவிக் கிடக்கும் உடைந்த துண்டுகள் அலையில் உருண்டுகொண்டே இருப்பதால், பல ஆண்டுகள் ஆகியும் புதிய பவளம் வேரூன்ற முடியாமல் போகிறது.

வீட்டுத் தொட்டியில் வெடி இல்லை. ஆனால் தொல்லைகளுக்குக் குறைவில்லை. அலையை உண்டாக்கும் பம்பு நாள் முழுவதும் நீரைத் தள்ளுகிறது. நத்தைகள் இடிக்கின்றன. துறவி நண்டு எதன் மேலும் ஏறிப் பார்க்கும். மணலைத் தோண்டும் மீன் ஒன்று இருந்தால், வாயளவு மணலை அள்ளித் துண்டின் மேலேயே கொட்டிவிடும். இவ்வளவையும் தாங்கும்படி துண்டைப் பொருத்த வேண்டும்.

பெரும்பாலான துண்டுகள் ஒரு சிறிய தாங்கியில் ஒட்டப்பட்டே விற்கப்படுகின்றன. பீங்கானாலோ சுண்ணாம்புக் கல்லாலோ செய்யப்பட்ட இந்தத் தாங்கி, அகன்ற தலையும் குட்டைக் காலும் உள்ள காளானைப் போல் இருக்கும். வளர்ப்பவர்கள் இதை ‘ஃபிராக் பிளக்’ என்பார்கள். பாறையில் ஒரு துளை இருந்தால் தாங்கியின் காலை அதில் செருகிவிடலாம். துளை பொருந்தாவிட்டால் காலை வெட்டி எடுத்துவிட்டு, தலையை மட்டும் ஒட்டுவார்கள்.

ஒட்டுவதற்கு முன் செய்யவேண்டிய வேலைதான் பொறுமையைச் சோதிப்பது. புதிதாக வாங்கிய துண்டில் தட்டைப்புழுக்களோ அவற்றின் முட்டைகளோ இருக்கலாம். ஆகவே அதை முதலில் மருந்து கலந்த கடல்நீரில் சில நிமிடங்கள் அமிழ்த்தி அலசுவார்கள். பிறகு உடனே உச்சிப் பாறையில் கொண்டுபோய் ஒட்டிவிடக் கூடாது. கடையில் மங்கிய ஒளியில் இருந்த பவளம், திடீரென்று கடும் ஒளியில் வைக்கப்பட்டால் தன் தசையிலுள்ள பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகும். முதலில் கீழ்ப்பகுதியில் ஒரு தட்டில் வைத்து, சில வாரங்களில் சிறிது சிறிதாக மேலே ஏற்றுவதே நல்லது. பசை காய்ந்த பிறகு ‘இந்த இடம் சரியில்லை’ என்று பிய்த்தெடுப்பது பவளத்திற்கு இரண்டாவது காயம்.

இடம் பார்க்கும்போது அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அமைதியாகத் தோன்றும் பவளங்கள் இரவில் அண்டை வீட்டுக்காரரோடு சண்டையிடும். கேலக்சியா என்ற பவளம் பகலில் நட்சத்திரப் பூக்களைப் போல் அழகாக இருக்கும். விளக்கு அணைந்த பின் நீளமான கொட்டும் இழைகளை நீட்டித் தன்னைச் சுற்றியுள்ள பவளங்களைத் தாக்கும். அப்படிப்பட்ட வகைக்கு அருகில் 15 செ.மீ. இடைவெளியாவது விடாமல் எதையும் ஒட்டுவது வீண். துண்டு இன்று சிறிதாக இருந்தாலும், நாளை அது வளரப்போகும் அளவுக்கு இடம் விட வேண்டும்.

இனிப் பசை. கடல்நீரில் இருக்கும் ஓர் உயிரைப் பசையால் ஒட்டுவது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் ‘சூப்பர் குளூ’ எனப்படும் சயனோஅக்ரிலேட் பசை இதற்குப் பொருத்தமாக அமைந்திருக்கிறது. பல பசைகள் ஈரத்தைக் கண்டால் கெட்டுப்போகும். இதுவோ ஈரம் பட்டால்தான் இறுகும். இந்தப் பசையின் பிறப்பே ஒரு வேடிக்கை. 1942இல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரி கூவர், துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தார். இந்த வேதிப்பொருள் தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டதால், பயனற்றது என்று ஒதுக்கப்பட்டது. 1951இல்தான் அந்தத் தொல்லையே அதன் பயன் என்பது புரிந்தது. 1958இல் அது விற்பனைக்கு வந்தது.

தொட்டிக்கு நீர்போல் ஓடும் வகை உதவாது; கூழ்போல் கெட்டியான வகையே வேண்டும். முதலில் பாறையில் துண்டு உட்காரப்போகும் இடத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பாசியை நீக்குவார்கள். பசை பாசியின் மேல் ஒட்டினால் பாசியோடு சேர்ந்தே கழன்றுவிடும். பம்பை நிறுத்தி நீரை அமைதியாக்க வேண்டும். தாங்கியின் அடிப்பகுதியைத் துணியால் ஒற்றி, கடலை அளவு பசை வைத்து, நீருக்குள் கொண்டுசென்று பாறையில் அழுத்த வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் தோற்கிறார்கள். பசை நீரைத் தொட்டவுடன் அதன் வெளிப்புறத்தில் மெல்லிய தோல் படிந்துவிடுகிறது. உள்ளே பசை இளகியிருந்தாலும், அந்தத் தோல் பாறையில் ஒட்டாது. மெதுவாகத் தொட்டு வைத்துவிட்டுக் கையை எடுத்தால் துண்டும் கையோடு வரும். அல்லது மறுநாள் மணலில் கிடக்கும். எனவே அழுத்தும்போதே இடமும் வலமும் சற்றுத் திருக வேண்டும். திருகும்போது தோல் கிழிந்து, உள்ளிருக்கும் புதிய பசை பாறையின் நுண்துளைகளுக்குள் புகுகிறது. பிறகு ஒரு நிமிடம்வரை அசைக்காமல் பிடித்திருக்க வேண்டும்.

ஆயினும் பாறை சமமாக இருப்பதில்லை. தாங்கிக்கும் பாறைக்கும் இடையே பள்ளங்கள் இருந்தால், பசை மட்டும் அவற்றை நிரப்பித் தாங்காது. இறுகிய பின் அது நொறுங்கும் தன்மையும் உடையது. அங்கே எப்பாக்சி மாவு உதவுகிறது. இரு நிறங்களில் வரும் இந்த மாவைச் சப்பாத்திக்குப் பிசைவதுபோல் ஒரே நிறமாகும்வரை பிசைந்தால், சில நிமிடங்களில் இறுகத் தொடங்கி, மறுநாளைக்குள் கல்லாகிவிடும். பள்ளத்தை நிரப்புவதில் அது கெட்டிக்காரன். ஆனால் ஈரமான, வழுவழுப்பான பாறையில் நன்றாக ஒட்டிக்கொள்ளாது. ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும்படி இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே அனுபவசாலிகளின் வழி. தாங்கியின் அடியில் பசை, அதன்மேல் மாவு உருண்டை, உருண்டையின் மறுபக்கத்தில் மீண்டும் பசை. இப்படி அடுக்கிப் பாறையில் அழுத்தித் திருகினால், செங்குத்தான பாறையிலும் துண்டு நிற்கும். ஒரே நாளில் நிறைய மாவைப் பயன்படுத்தினால், நீரைச் சுத்திகரிக்கும் நுரைக்கருவி பொங்கி வழியும். ஆகவே ஒரு நாளைக்கு ஓரிரு துண்டுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எல்லாப் பவளமும் பசைக்குப் பணியாது. எலும்பில்லாத மென்பவளங்கள் காயம்பட்டால் சளியைச் சுரக்கும். சளியின் மேல் எந்தப் பசையும் நிற்காது. அவற்றைச் சிறு கற்கள் நிரப்பிய கிண்ணத்தில் போட்டு, மேலே வலையை மூடி, நீரோட்டம் குறைந்த மூலையில் வைத்துவிடுவார்கள். ஓரிரு வாரங்களில் அவை தாமாகவே ஏதாவது ஒரு கல்லைப் பற்றிக்கொள்ளும். பிறகு அந்தக் கல்லின் அடியில் பசை தடவிப் பாறையில் ஒட்டினால் போதும்.

ஒட்டவே கூடாத பவளமும் உண்டு. சிங்கப்பூர்க் கடலில் காணப்படும் ஃபங்கியா என்ற காளான் பவளம், இளமையில் மட்டும் பாறையில் ஒட்டி வளர்கிறது. பெரிதானதும் காம்பிலிருந்து கழன்று, தட்டுப்போல் கடலடியில் தனியே வாழ்கிறது. மேலே மணல் விழுந்தால் தசையை உப்பவைத்து உதறிவிடும். ஆர்வக் கோளாறினால் அதைப் பாறையில் ஒட்டிவைத்தால், சொரசொரப்பான பாறை அதன் அடித்தசையைக் கிழித்துவிடும். அதன் இடம் மணல்தான்.

கைகளின் பாதுகாப்பையும் மறந்துவிடக் கூடாது. பசை விரல்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடும் என்பது சிறிய தொல்லை. பெரிய ஆபத்து, பொத்தான்களைப் போல் கூட்டமாக வளரும் ஸோவாந்தஸ் வகை உயிர்களிடம் இருக்கிறது. அவற்றில் சிலவற்றின் உடலில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வெட்டும்போது தெறிக்கும் ஒரு துளி கண்ணில் பட்டாலே பார்வைக்குக் கேடு. அவை ஒட்டியிருந்த பாறையைச் சுத்தம் செய்வதற்காக வெந்நீரில் கொதிக்கவைத்து, அந்த ஆவியைச் சுவாசித்ததால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் உண்டு. கையுறையும் கண்ணாடியும் அணியாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. மாணவர்கள் பெரியவர் ஒருவரின் துணையின்றி இதைச் செய்யவே கூடாது.

பசை இறுகிவிட்டது. வேலை முடிந்துவிட்டதா? பசை செய்வது தற்காலிகமான உதவியே. உண்மையான பிடிப்பைப் பவளம்தான் உண்டாக்க வேண்டும். முதல் சில நாள்கள் பாலிப்புகள் சுருங்கியே இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக விரியும். சில வாரங்களில் துண்டின் அடியில் வெளிறிய விளிம்பு ஒன்று தோன்றும். தசை மெல்ல மெல்லப் பசையின் மேல் படர்ந்து, தாங்கியைக் கடந்து, பாறையின் மேல் இறங்கும். போகும் வழியெங்கும் எலும்பு கட்டிக்கொண்டே போகும். அதற்குப் பிறகு பசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பம்பின் அலை எவ்வளவு வேகமாக வந்தாலும் அது நிற்கும்.

பவளத்தின் இந்தப் படரும் ஆற்றலை ஒரு விபத்துதான் அறிவியலாளர் ஒருவருக்கு உணர்த்தியது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள மோட் கடல் ஆய்வுக்கூடத்தில் டேவிட் வாகன் பவளம் வளர்த்துவந்தார். ஒரு நாள் தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்ட எல்க்ஹார்ன் பவளத்தை எடுக்க முயன்றபோது, அது உடைந்து, சில பாலிப்புகள் மட்டும் அடியில் தங்கிவிட்டன. அவை இறந்துவிடும் என்று அவர் எண்ணினார். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அவை இறக்கவில்லை என்பதோடு, வியக்கத்தக்க வேகத்தில் பெருகியும் இருந்தன. காயத்தை ஆற்றிக்கொள்வதற்காகப் பவளம் விரைந்து வளர்கிறது என்பது புலப்பட்டது. அதன்பின் அவரும் உடன் பணியாற்றியவர்களும் பவளங்களை மிகச் சிறிய துண்டுகளாக வெட்டி வளர்க்கலாயினர். ஒரே தாய்ப் பவளத்தின் துண்டுகளை அருகருகே ஒட்டினால் அவை வளர்ந்து ஒன்றாகக் கூடிவிடுகின்றன. மெதுவாக வளரும் பெரிய பவளங்களையும் இவ்வாறு விரைவில் உருவாக்க முடிந்தது.

துண்டு ஒட்டும் கலை வீட்டுத் தொட்டியோடு நின்றுவிடவில்லை. சிங்கப்பூரின் கடலில் ஏறத்தாழ 250 வகைக் கடின பவளங்கள் வாழ்கின்றன. சிறிய நாட்டுக்கு இது பெரிய செல்வம். ஆனால் 1960களிலிருந்து நடைபெற்ற நில மீட்புப் பணிகளால் பவளப்பாறைகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு அழிந்துவிட்டது. எஞ்சியவையும் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல்நீரின் வெப்பம் உயர்ந்ததால் வெளுத்தன. இழந்ததில் ஒரு பகுதியையாவது மீட்க, 2007இல் செமாக்காவ் தீவை ஒட்டிய கடலில் பவள நாற்றங்கால் ஒன்று அமைக்கப்பட்டது. அலையில் உடைந்து, தரையில் உருண்டு, எப்படியும் இறக்கப்போகும் துண்டுகளே அங்கே சேகரித்து வளர்க்கப்பட்டன. நன்றாக இருக்கும் பவளத்தை உடைக்கத் தேவையில்லாத வழி அது. இப்போது தேசியப் பூங்காக் கழகம் குறைந்தது 10 ஆண்டுகளில் 100,000 பவளங்களை நடும் திட்டத்தை 2024 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது.

கடலில் துண்டு நடும் முக்குளிப்பாளரின் வேலையும் ஏறத்தாழ அதேதான். பாறையைத் தூரிகையால் தேய்க்கிறார், பாசியை நீக்குகிறார், பிசைந்த எப்பாக்சி மாவில் துண்டைப் பதித்து அழுத்துகிறார். வேறுபாடு என்னவென்றால், அவரால் பம்பை நிறுத்திவிட்டு ஒட்ட முடியாது. நீரோட்டம் அவரையே இழுக்கிறது. சிங்கப்பூரின் கலங்கலான நீரில் சில மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரிவதும் இல்லை.

அப்படியானால் வீட்டில் வளர்ந்த பவளத்தைக் கடலில் கொண்டுபோய் நடலாமா? கூடாது. தொட்டியில் உலகின் வேறு வேறு கடல்களிலிருந்து வந்த உயிர்களும் அவற்றின் நோய்களும் கலந்திருக்கின்றன. நல்ல எண்ணத்தோடு நட்ட ஒரு துண்டு, அங்குள்ள பவளங்களுக்குப் புதிய நோயைக் கொண்டுசெல்லக்கூடும். கடலிலிருந்து துண்டை வீட்டுக்கு எடுத்துவருவதும் தவறே. சிங்கப்பூர், மலேசியா ஆகிய இரு நாடுகளின் கடல் பூங்காக்களிலும் பவளத்தை உடைப்பதும் எடுத்துச்செல்வதும் சட்டப்படி குற்றம். கடின பவளங்களை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குக் கொண்டுசெல்ல, சைட்டிஸ் என்ற அனைத்துலக உடன்பாட்டின்கீழ் அனுமதி வேண்டும்.

தொட்டியில் பவளம் பெரிதாகிவிட்டால் வளர்ப்பவர்கள் செய்வது வேறு. கிளையின் நுனியை வெட்டி, புதிய தாங்கியில் ஒட்டி, நன்கு பற்றிக்கொள்ளும்வரை தம் தொட்டியிலேயே வைத்திருந்து, மற்றொருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கைமாறும் ஒவ்வொரு துண்டும், கடலிலிருந்து எடுக்கப்படாத ஒரு துண்டு. அதை வாங்கிச் செல்பவரிடம் அவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, “உங்கள் தொட்டியில் பெரிய நத்தை இருக்கிறதா?” என்பதுதான்.